டப்பா வூட்டில் ஒரு மார்கழி

என் மூத்த மகள் ஏழாம் மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டாள். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுக் கலைந்திருக்கவில்லை. ஆட்டோ நகர வழியில்லாமல், என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறந்தபோது குழந்தை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழக்கூடத் தெம்பில்லை. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பாலை இழுத்துக் குடிக்கத் தொடங்கியதும், உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டது ஒரு வண்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், இரண்டே சக்கரம் வைத்த தகர அறை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வெள்ளைக்காரம்மா மனை எடுத்து வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். பல வருடங்களுக்கு முன் பல தேசங்களைத் தாண்டி அந்த வண்டியில்தான் அவர் வந்ததாகச் சொல்வார்கள். என் கணவர் அந்தக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். வேலை பாதியில் நிற்க, அந்தம்மா ஊருக்குப் போகும்போது மனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வண்டிச் சாவியை இவரிடம் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் அதை டப்பா வூடு என்றார்கள். பெஞ்சை விரித்தால் கட்டில், மடித்தால் நடக்க வழி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது.

போவதற்கு வேறு இடமும் இல்லை. நாங்கள் வேறு வேறு சாதி. பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு என் அண்ணன் என்னைத் தலைமுழுகிவிட்டதாகச் சொன்னான். அவருடைய வீட்டிலும் என்னைச் சேர்க்கவில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டப்பா வூட்டுக்குத்தான் போனேன்.

அந்த வருடம் மழை பின்தங்கி மார்கழி வரைக்கும் இழுத்தது. விட்ட பிறகு பனி பிடித்தது. காலை எட்டு மணிக்கும் மலை தெரியாது. சாதாரண ஆட்களுக்கு ஒரு போர்வை ஜாஸ்தி போர்த்திக்கொண்டால் தீர்ந்துபோகும் குளிர். எங்கள் குழந்தைக்கு அது வேறு மாதிரி இருந்தது. பகலில் வெயில் பட்டுச் சூடேறும் தகரம், பொழுது சாய்ந்ததும் ஐஸ் போல ஆகிவிடும். நாங்கள் விட்ட மூச்சே கூரையில் தண்ணீராய்க் கோத்து, சொட்டுச் சொட்டாக விழும். ஒருநாள் விடியற்காலை குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தேன். குழாயடியில் வைத்த பாத்திரம் போலச் சில்லென்றிருந்தது. பால் கொடுத்தால் வாயை அசைக்கவில்லை. நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவளை எழுப்பி எழுப்பிக் குடிக்க வைத்தேன்.

அதன்பின் என் கணவர் சும்மா உட்காரவில்லை. குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது என்று கண்டுபிடித்து, வண்டிக்கு அடியில் காய்ந்த கடலைக்கொடியைத் திணித்து, சுற்றிலும் சிமெண்ட் சாக்குகளைக் கட்டினார். உள்ளே சென்ட்ரிங் பலகைகளைப் பரப்பி, மேலே கோரைப்பாய் போட்டார். சன்னல் இடுக்குகளில் மாவுப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டினார். சுவரில் அந்தம்மா தேசத்து கேஸ் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதற்கான சிலிண்டரின் வாய் வேறு மாதிரி. நம் ஊர் சிலிண்டர் எதுவும் பொருந்தவில்லை. மனைக்குக் கரண்டும் வந்திருக்கவில்லை. அவர் அந்த ஹீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அக்காதான் எங்களுக்கு இருந்த ஒரே ஒத்தாசை. எனக்குப் பத்தியச் சோறு அவர்தான் கொண்டுவந்து கொடுப்பார். பிள்ளை பெற்ற அறையில் நெருப்பு இருக்க வேண்டாமா என்று சொல்லி, தன் குமுட்டி அடுப்பையும் கொஞ்சம் கரியையும் தந்தார். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. புகை அடங்கும்வரை வெளியே வைத்துக் கனிந்த பிறகே உள்ளே எடுத்துவந்தோம். சற்று நேரத்திலேயே வண்டி முழுக்கக் கதகதப்பு. குழந்தையின் கன்னத்தில் நிறம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததில் இருந்து முதல் தடவையாக நாங்கள் மூன்று பேரும் அயர்ந்து தூங்கினோம்.

எனக்கு விழிப்பு வந்தபோது விடிந்து கொண்டிருந்தது. தலையை யாரோ இரண்டு பக்கமும் அழுத்துவது போல வலி. குமட்டியது. எழப் பார்த்தால் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. குழந்தையை அசைத்தேன், துணி போலத் துவண்டு கிடந்தாள். அவரை எத்தனை தடவை கூப்பிட்டேனோ, குரல் வெளியே வந்ததா என்பதுகூடத் தெரியாது. அவர் எழுந்து ஒரு அடி வைத்துக் கதவின் மேலேயே சரிந்தார். நல்லவேளை, அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. மண்ணில் போய் விழுந்தவர், அந்தக் குளிர்காற்றில் கொஞ்சம் தெளிந்து, தவழ்ந்து வந்து எங்களை வெளியே இழுத்தார். இட்லிக் கடை அக்கா போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள். யாருடைய ஆட்டோவில் போனோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். உதடு திரும்பச் சிவக்கும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிரசவத்தின்போது என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டதும் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூடுன ரூமுக்குள்ள கரி போட்டீங்களா? அந்தக் காத்துக்கு வாசனையே கிடையாதும்மா. தூக்கத்துலயே மூணு பேரும் போயிருப்பீங்க."

பிறகு கோபம் தணிந்து, என்னை உட்கார வைத்து, குழந்தைக்கு நெருப்பு தேவையில்லை, மனுஷ உடம்பின் சூடே போதும் என்றார். துணி எதுவும் இல்லாமல் குழந்தையை மார்மேல் வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் என் கணவரைக் காட்டி, "நீ மட்டும் இல்ல. அவரும்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி," என்றார்.

இவருக்குக் கூச்சம். கை முழுக்க சிமெண்ட் தின்ற வெடிப்பு. அந்தக் கையால் குழந்தையைத் தொட்டால் கீறிவிடும் என்று அதுவரை துணியோடுதான் தூக்கியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயந்திரம் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தையை அவர் நெஞ்சில் வைத்து, பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினேன். அவர் மூச்சுவிடவே பயந்தார். குழந்தை மட்டும் கொஞ்ச நேரத்தில் அவருடைய மார்முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. சன்னலில் ஒட்டிய காகிதங்களைக் கிழித்துப் போட்டோம். குளிர் உள்ளே வந்தது. ஆனால் குழந்தையின் கால் சில்லிடவில்லை. அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பகலில் நான் படுத்திருக்க, அவர் குழந்தையைக் கட்டிக்கொண்டு வெயில்படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படியே அந்த மாதத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப்போட்டது, விடாமல் இருமினார். குழந்தைக்கு ஒட்டிவிடும் என்று அவராகவே வண்டியை விட்டு இறங்கி, பாதி எழுந்து நின்ற கட்டடத்துக்குள் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். கூரை போடாத கட்டடம். நான் மட்டும் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். தூங்கினால் நழுவிவிடுவாளோ என்று பயம். எனக்குப் பால் வற்றத் தொடங்கியது.

அந்த நிலையில்தான் அண்ணன் வந்தான். யார் சொன்னார்களோ தெரியவில்லை. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கொழந்தைய தூக்கினு கெளம்பு. வூட்ல ஒரு ரூம் ஒழிச்சி வச்சிருக்கு."

நான் கட்டடத்தின் பக்கம் கைகாட்டி, அவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"உன்னையும் கொழந்தையையும் கூப்ட வந்தேன். வேற யாரையும் இல்ல."

சத்தம் கேட்டு இவர் போர்வையோடு எழுந்து வந்தார். அண்ணனுக்கு வணக்கம் சொன்னார், அவன் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் சட்டென்று, "போ," என்றார். "கொழந்தைக்கு நல்ல வூடு வேணும். எங்கிட்ட இப்ப இல்ல. போ."

அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என்னைத் தடுப்பார் என்று நினைத்திருந்தேன். துணிகளை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். இட்லிக் கடையைத் தாண்டும்போதுதான் அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. காரை நிறுத்தச் சொல்லி, அக்காவிடம் கஞ்சி வைத்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கனத்த செங்கல் சுவர், நல்ல கட்டில், வேளாவேளைக்கு வெந்நீர். அம்மா என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். குழந்தைக்குக் கை கால் சதைப்பிடித்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, அப்படி ஒருவர் இல்லாதது போலவே நடந்துகொண்டார்கள். காய்ச்சல் விட்டபின் அவர் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு வருவார். டீக்கடை ஓரமாக நின்றிருப்பதை மாடியிலிருந்து பார்ப்பேன். குழந்தையோடு வெளியே போக அம்மா விடவில்லை, காற்றுப்படும் என்றாள். அடுத்த பஸ் வந்ததும் அவர் ஏறிப் போய்விடுவார். இரண்டு தடவை குழந்தையை மாடியிலிருந்தே தூக்கிக் காட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

பொங்கல் போய், தை மாதமும் முடியப்போகும் சமயத்தில் நான் கிளம்பினேன். இங்கேயே இருந்துவிடு என்றான் அண்ணன். நான் இல்லை என்று சொன்னதும், கொண்டுவிட வரமுடியாது என்று சொல்லிவிட்டான். பஸ்ஸில் தனியாகத்தான் வந்தேன்.

டப்பா வூடு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. சுவருக்கு உள்பக்கப் பலகையைப் பிரித்து, எலி தின்று வைத்திருந்த பஞ்சை எல்லாம் வெளியே எறிந்துவிட்டு, புதிதாக அடைத்து மூடியிருந்தார். சக்கரத்தைச் சுற்றிச் செங்கல் கட்டு. மேலே காற்று போகத் துளைகள். இத்தனையும் காய்ச்சலிலிருந்து எழுந்த உடம்போடு, ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறார். அதற்குள் பனி குறைந்து, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். அவள் அவருடைய முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதாள். சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அப்போதும் அழுகை நிற்கவில்லை.

"மறந்துட்டா," என்று சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். அவள் மறுபடி அவரிடம் ஒட்டிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. நான் போனதைப் பற்றியோ, அவர் போகச் சொன்னதைப் பற்றியோ நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த வருடம் வெள்ளைக்காரம்மா வந்து மனையை வேறொருவரிடம் ஒப்படைத்தார். நாங்கள் டவுனில் ஒரு அறைக்கு மாறினோம். மகள் நன்றாகவே வளர்ந்தாள். பனிக்காலத்தில் மட்டும் நெஞ்சுச் சளி வாட்டும். அண்ணன் எங்களைப் பார்க்க வந்ததில்லை. அம்மா மட்டும் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் சாக்கில் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அம்மா இறந்தபோது மகள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருமே போனோம். நானும் மகளும் உள்ளே போக, அவர் தெருவில் ஒதுங்கி நின்றார். எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன் அண்ணன் வெளியே போய், அவருக்கு முன்னால் நின்றான். முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினான்.

"உள்ள வாங்க."

"பரவால்ல, நான் இங்கயே நிக்கிறேன்," என்றார் இவர். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அண்ணன் உள்ளே திரும்பி வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வெளியே போய், அவளுடைய அப்பாவின் அருகில் நின்றுகொண்டாள். நான் அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.