நல்லதுக்குச் சொன்ன பொய்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பகுதியில் நடந்தது இது. ஒரு கோப்பிக் கடையின் மாடியில் தத்துவக் கூட்டம் என்று, என்னோடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தோழி கூப்பிட்டாள். தத்துவம் என்றால் தாடி வைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என்று நினைத்திருந்தவள் நான். "சும்மா வந்து பாரு லா, பலகாரமும் உண்டு" என்றாள். அப்படி என்னதான் பேசுவார்கள், பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன். வீட்டுக்காரரைத் தனியாக விட மனமில்லாமல் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய். ஆனால் அது அவருக்குத் தெரியாது. டாக்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னபோது, அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று நானும் அவருடைய அக்காவும் கெஞ்சினோம். எங்கள் குடும்பங்களில் இது வழக்கம்தான். அவரிடம் அல்சர் என்று சொல்லி வைத்தோம். ஆபரேஷன் வேண்டாம், மனுஷன் தாங்க மாட்டார் என்பதையும் நாங்களே பேசி முடித்துவிட்டோம்.

கூட்டத்தை நடத்தியவர் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஓர் இளம்பெண். மேடை கிடையாது, வட்டமாக நாற்காலிகள். "நல்லதுக்குச் சொல்ற பொய் சரியா? உங்க வாழ்க்கையில நடந்ததை வச்சுப் பேசுங்க" என்றார். நான் அவசரமாகப் பலகாரத் தட்டை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஒருவர், "கறி நல்லா இருக்கான்னு கேட்டா, எந்தக் கடைக்காரன் இல்லேன்னு சொல்வான்?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர், கையில் பாதி வடையோடு பேசினார். "ஒருத்தனுக்கு எது நல்லதுன்னு மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல அவனக் கேட்டாங்களா?"

"பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இதைத்தான் கேட்டிருக்காங்க, அண்ணே" என்றார் அந்தப் பெண். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பெருமை. பாவி மனுஷன், அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை.

கீழே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று பயந்தேன்.

"ஆபரேஷன் பண்ணா பொழைக்க வழி இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நாங்க முழுசாக் கேட்கலைங்க."

"சரி. நாளைக்கு நான் கேட்கறேன்."

அவரே கேட்டார், அவரே முடிவும் எடுத்தார். ஆபரேஷன் நடந்தது. இப்போது சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எனக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். யாருக்கோ நல்லது செய்யப் போகிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம், 'மொதல்ல அவங்களக் கேட்டியா?' என்று அவர் குரல் உள்ளே கேட்கிறது, நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.