அப்பா மீறிய அன்று

எங்கள் வீட்டில் தப்புக்கு மன்னிப்பு உண்டு. மீறலுக்குக் கிடையாது. பால் பொங்கி வழிந்தால் அது தப்பு. "அடுப்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் போனை நோண்டிக்கொண்டிருந்து பால் பொங்கினால் அது மீறல். தெரியாமல் செய்வது தப்பு, தெரிந்தே செய்வது மீறுவது. இதை அப்பா எந்த அகராதியிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறுவயதில் மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்த பிடி விடாமல் வாழ்ந்துவருகிறார்.

நானும் அதே கோயிலில் அதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் "கட்டளையை மீறினேன் சாமி" என்று சொல்ல எங்களைப் பழக்கினார்கள். அந்தச் சொல் எனக்கு ஏகத்துக்கும் பிடித்துப்போயிற்று. கண்ணில் பட்டதற்கெல்லாம் அதையே போட்டேன். பூனை சுவரை மீறியது. சாம்பார் கிண்ணத்தை மீறியது. பக்கத்து வீட்டு டிவி சத்தம் ராத்திரியை மீறியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அது வெளாட்டு வார்த்த இல்ல" என்றார்.

ஊர் அதை விளையாட்டு வார்த்தையாகத்தான் வைத்திருக்கிறது. விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பலகை நிற்கும்: 'அத்துமீறி தண்டவாளத்தைக் கடக்காதீர்'. அத்து என்றால் எல்லை. ஆனால் அந்தப் பலகையின் கம்பம் எதற்குப் பயன்படுகிறது என்றால், அதைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்குவதற்கு. பல கைகள் பட்டுப் பட்டுக் கம்பம் பளபளவென்று இருக்கும். அதைப் பிடிக்காமல் மேம்பாலம் ஏறுகிற ஆள் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். ஒருமுறை திருச்சியில் கல்யாணம். ரயில் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிறது, சிக்னலும் விழுந்துவிட்டது. நாலு எட்டில் தாண்டிவிடலாம். அப்பா எங்களைப் பாலத்துக்கு ஓட்டிச் சென்றார். பாலத்துப் படியில் இன்னொரு பலகை: 'படிகளில் ஓடாதீர்'. ஆகவே நடந்தோம். பாலத்தின் உச்சிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது ரயில் எங்கள் காலுக்குக் கீழே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பட்டுப்புடவையோடு அம்மா அதற்கு டாட்டா காட்டினாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் காதலைச் சொன்னேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரு சின்ன பீங்கான் யூனிட் இருக்கிறது. பொம்மை செய்கிறோம். கிறிஸ்துமஸ் வந்தால் குடிலுக்கு மாதா, சூசையப்பர், ஆடு, மாடு. மற்ற மாதங்களில் பிள்ளையார், யானை, ஊதுபத்தி ஸ்டாண்டு. பி.காம் முடித்துவிட்டு ஆர்டர் எடுப்பது, போட்டோ அனுப்புவது, பொம்மைகளுக்குக் கண் வைப்பது எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் காதலித்தவர் மங்கலம்பேட்டையில் கிஃப்ட் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் பெண்ணாடம் தாண்டி இருக்கிற மங்களூர்ப் பக்கம், வீட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார்கள். எங்களிடம் பிள்ளையார் வாங்க வருவார். ஒரு பெட்டியில் போகவேண்டிய சரக்கை மூன்று நடையாக வாங்க ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் நான் வரைகிற பிள்ளையாருக்குக் கண் கொஞ்சம் சிரித்தாற்போல விழுந்துவிடும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள். அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் பேச்ச மீறி இந்த வூட்ல ஒண்ணும் நடக்காது" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை. கத்தியிருந்தாலாவது நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். ஓடிப்போகிற தைரியம் எனக்கு வேண்டிய அளவு இருந்தது, அப்பாவை விட்டுப் போகிற மனசுதான் இல்லை. அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை, நான் விரும்பியவரைத் தவிர இன்னொருவரோடும் கல்யாணம் இல்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு அப்பாவே சரக்குப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார், மங்கலம்பேட்டைக்காரர் முகத்தைப் பார்க்காமல், அவருடைய வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

போன வருடம், மழைக்கு முன்னால், ஒரு வெயில் நாளில் ஒரு அம்மா வந்து இறங்கினார்கள்.

சூளை அன்று காலைதான் அணைந்திருந்தது. பொம்மைக்கு மெருகு ஏற்றிச் சுட்ட பிறகு சூளை தானாக ஆற வேண்டும். கதவைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டு, உள்ளே இருக்கிற சூட்டுப் பொம்மை வெடிப்பு விட்டுவிடும். பீங்கான் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் அப்படி இப்படிக் கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்க்கவும் செய்வார்கள். அப்பா செய்யமாட்டார். சூளைக் கதவுக்கு மேலே அவரே பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்: 'ஆறுமுன் திறக்காதே. மீறாதே.' ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் பங்குச் சாமியாரே வந்து குடில் பொம்மைக்காக நின்றார். அப்பா கைகட்டிக்கொண்டு, "சாமி, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். சாமியாரும் அந்த எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பச்சைப் புடவை, கையில் வயர் கூடை, நெற்றியில் பெரிய பொட்டு. பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மங்கலம்பேட்டைக்காரர் தன் அம்மா என்று போனில் காட்டிய படத்தில் இவர்கள்தான் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் கையிலிருந்த பிரஷ் நழுவி மடியில் விழுந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டு அப்பாவிடம் போனார்கள்.

"அண்ணே, பிள்ளையாரு வேணும். புது வூட்டுக்குக் குடி போறோம்."

"ஆர்டர் குடுத்துட்டுப் போங்கம்மா. சரக்கு சூளையில இருக்குது."

நான் போனை எடுத்து அவருக்கு மெசேஜ் அடித்தேன்: உங்கம்மா இங்க இருக்காங்க. எங்க என்று கேட்டார். எங்க சூளை ரூம்ல என்று அனுப்பினேன். அதன்பிறகு அவர் பக்கம் 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. மனிதர் கடைசி வரைக்கும் ஒரு எழுத்துகூட அனுப்பவில்லை.

"மங்கலம்பேட்டையில ஒரு கடையில உங்க பிள்ளையார பாத்தேன் அண்ணே" என்றார்கள் அந்த அம்மா. "நான் எத்தினியோ பிள்ளையாரு பாத்திருக்கேன். அந்த மாதிரி வயிறு எங்கியும் பாத்ததில்ல. நல்லா சாப்ட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்கிற வயிறு. யாரு பண்ணது?"

அந்த அச்சு அப்பா செய்தது. இத்தனை வருடத்தில் விலை அதிகம், கலர் குறைவு என்றுதான் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அப்பாவின் காது மடல் சிவந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நான்தாம்மா" என்றார் மெதுவாக.

"அப்டியா! உள்ள இருக்கிறதும் அதே வயிறுதானா?"

"அதவிட நல்லா வந்திருக்கும்னு நெனைக்கிறேன். இந்தத் தடவ மெருகு கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

"அய்யோ, பாக்காம போகணுமா? ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்."

அப்பா கதவைப் பார்த்தார். தலைக்கு மேல் இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. "ஒரு விரக்கட திறந்து காட்றேன், எட்ட நின்னு பாருங்க" என்றார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "அப்பா!" என்றேன். அவர் திரும்பவே இல்லை. துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கினார்.

அனல் முகத்தில் அடித்தது. உள்ளே வரிசையாகப் பிள்ளையார்கள், வெள்ளை வெளேரென்று பளபளத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே அவ்வளவு அழகு. அடுத்த நொடி 'டிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு 'டிங்'. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிங், டிங், டிங்.

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அப்பனே, புள்ளையாரப்பா! மணி அடிக்கிறாரு பாருங்க அண்ணே! நல்ல சகுனம்!"

அப்பா படாரென்று கதவைச் சாத்தினார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆமாம்மா, சகுனம்தான் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவர் என் அப்பாவே இல்லை.

"இல்லம்மா" என்றார். "ஒடையுது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஒரு பிள்ளையார் கடைசியாக 'டிங்' என்றார். அவ்வளவுதான், என்னையும் மீறிச் சிரிப்பு பீறிட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாகவும் இருந்தது, அடக்கவும் முடியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. தான் எழுதிய எழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மீறிட்டேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுபோனது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அண்ணே, நான் யாருன்னு சொல்லாம வந்தது தப்புதான். மங்கலம்பேட்ட கிஃப்ட் கடைக்காரன் என் மவன். உங்க பொண்ண எங்க வூட்டுக்குக் கேக்கத்தான் வந்தேன். பொண்ணப் பாத்துட்டேன். இப்ப உங்களயும் பாத்துட்டேன்."

அப்பா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"ஆறட்டும்மா" என்றார்.

"ஆறட்டும் அண்ணே. அவசரமே இல்ல. ஆனா எனக்கு அந்த மணி அடிச்ச பிள்ளையாருதான் வேணும். ஒடஞ்சத சாமி ரூம்புல வெக்கக் கூடாது. டிவி பக்கத்துல வெச்சிக்கறேன். போயிட்டு வரேன்." போகிற போக்கில் என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

சூளை ஆறியது. கதவோரம் இருந்த வரிசையில் மட்டும் மெல்லிய கீறல்கள், மற்றவை தப்பிவிட்டன. அப்பா ஆறினாரா என்றுதான் தெரியவில்லை. செபத்தின்போது வழக்கத்தைவிடச் சத்தம் குறைவு. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரிந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், வயிற்றில் கீறல் விட்ட ஒரு பிள்ளையாரை எடுத்து வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"ரெண்டு பேரும் கெளம்புங்க. சரக்கக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரலாம்."

அப்பா ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு ஊர் தாண்டிப் போனதே கிடையாது. சம்மதம் சொல்லப் போகிறாரா, முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லப் போகிறாரா? பெண்ணாடம் வரைக்கும் பாசஞ்சர், அங்கிருந்து அவர்கள் ஊருக்கு பஸ் என்று ஏற்பாடு. ஜங்ஷனுக்கு வந்தால் பழைய கதைதான். எதிர் பிளாட்பாரத்தில் ரயில், சிக்னல் விழுந்துவிட்டது, பளபளக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா பலகையைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேம்பாலத்துப் பக்கம் திரும்பினார். இந்த ரயிலும் போச்சு என்று நினைத்தேன்.

அப்பா ஓடினார்.

வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலிக்காரர், படிகளைத் தாவித் தாவி ஏறினார். "ஓடியாங்க, ஓடியாங்க" என்று கத்தினார். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பாலத்தின் மேல் நாங்கள் மூவரும் தடதடவென்று ஓடினோம். யாரோ ஓரமாக ஒதுங்கித் திட்டினார்கள். இறங்குகிற படியில் என் துப்பட்டா பறந்துபோய் ஒரு பெரியவர் தலையில் விழுந்தது, அவர் அதை என் பின்னாலேயே வீசினார். கார்டு பச்சைக்கொடியைத் தூக்கிவிட்டார், எங்களைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதித்தார். கடைசிப் பெட்டியில் ஏறி விழுந்தோம்.

ரயில் ஊரைத் தாண்டும் வரைக்கும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கிப் பிள்ளையாரின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். மறுபடி மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாலத்துப் படியில ஒரு போர்டு இருந்துதே" என்றார் என்னிடம்.

"ஓடாதீர்னு போட்டிருந்துது. இருந்துதுப்பா."

"நான் பாத்தேன்" என்றார். "பாத்துட்டுத்தான் ஓடனேன்."