இளவரசன் ஓடிப்போன வாரம்

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்பது மட்டும் முடிவாகாமல் கிடந்த வருஷங்களில் நான் சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். நைனாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை. வீட்டில் தமிழ் பேசுவோம். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்து நின்றால் அதே வாயால் தெலுங்கு பேசுவோம். அதுவரை அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அந்தக் காலத்தில்தான் யாராவது "உங்க வீட்ல என்ன பாஷை?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டவரின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

சென்னையிலிருந்து காட்பாடி வழியாக ரயிலில் வரும் ஒரு வாரப் பத்திரிகையை நான் தவறாமல் வாங்குவேன். அதில் ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. இரண்டு பாளையங்கள், ஒரு இளவரசன், பக்கத்துப் பாளையத்துப் பெண் ஒருத்தி, அவர்களுடைய காதல். மற்றச் சரித்திரக் கதைகளில் வருகிற ஜாதி இல்லை இவர்கள். இளவரசன் அழகாகப் பாடுவான். சொக்கட்டான் ஆட உட்கார்ந்தால் ஊரையே மறந்துவிடுவான். சிநேகிதனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே வீணைக் கச்சேரி கேட்கப் போவான். அவள் அவனுக்குமேல். கண் இமைக்காமல் பொய் சொல்வாள், தாதியை அடிப்பாள், பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் அறையில் இதை நான் உரக்கப் படிப்பேன். கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தையல் டீச்சர்; சத்தியவேட்டுப் பக்கத்துக்காரர், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், எனக்கு மூத்தவர், அதனால் அக்கா. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் பிறர் படிக்கக் கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கும். இன்னொருத்தி தெலுங்கு டீச்சர். என் வயது. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. நான் ஒரு பத்தி தமிழில் படித்து, கடினமான இடங்களை அவளுக்காகத் தெலுங்கில் சொல்வேன்.

ஆரம்பத்தில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

"ராஜா வூட்டுப் புள்ள, அப்பிடித்தான் ஆடிக்கினு இருப்பான். கண்ணாலம் ஆனா திருந்திடுவான் பாரு" என்பார் அக்கா.

"அவன் எங்கே திருந்தறது? அவளை முதல்ல திருத்துங்கோ" என்பாள் தெலுங்கு டீச்சர்.

அவளுடைய முன்னோர்கள் எங்கள் பக்கத்து ஜமீன் ஒன்றில் கணக்கு எழுதியவர்கள். கதையில் மலையடிவாரமும் இரட்டை ஏரியும் மாந்தோப்பும் வந்த வாரம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எங்க ஜமீன்தான். எங்க தாத்தா சொன்ன இடம் அப்படியே இருக்கு. சரி, அந்தப் பிள்ளை ஏன் தமிழ்ல பேசறான்?"

"தமிழ்க் கதைன்னா தமிழ்லதான் பேசுவான்" என்றேன்.

"அது இல்லை. அவன் பாட்டு கட்டறான்னு படிச்சியே, அதுவும் தமிழ்லயா? இப்போ எல்லை பிரிக்கிற நேரத்துல இப்படி ஒருத்தர் எழுதறார்னா சும்மா எழுதுவாரா?"

அக்கா மிஷினை நிறுத்தினார். "அவன் அந்தக் காலத்துல இன்னா பாஷ பேசினான்னு நீ போய்க் கேட்டியா?"

நான் சட்டென்று அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அது அடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் தெலுங்கில் சொல்லும்போதெல்லாம் தெலுங்கு டீச்சர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில இடங்களில், "அவ்வளவுதானா? தமிழ்ல நீளமா இருந்ததே?" என்று கேட்பாள். அவ்வளவுதான் என்பேன். அவள் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்து வந்தது இளவரசன் ஓடிப்போன வாரம். அவளுடைய தகப்பனின் படையே கோட்டையைச் சூழ்கிறது. இளவரசனின் அப்பன் வாசலில் நின்று சண்டை போடுகிறான். பிள்ளை, பல்லக்குத் தூக்குகிறவனின் அழுக்குத் துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போகிற பல்லக்குக்குத் தோள் கொடுத்துத் தப்பிக்கிறான். அவன் வெளியே போவதற்கு அவள்தான் தன் தகப்பனின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பதித்து அனுமதி ஓலை கொடுக்கிறாள். பல்லக்குக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவளும் அவளேதான்.

எனக்கு அந்த அத்தியாயம் மிகவும் பிடித்திருந்தது. தோள் வலிக்கிறது என்று அவன் முனகுவதும், திரைக்குள்ளிருந்து அவள் "வாயை மூடு, தூக்கு" என்று அதட்டுவதும் படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. தெலுங்கு டீச்சரும் சிரித்தாள். அக்கா மட்டும் தலை நிமிராமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் பாவாடைத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

சில நாள் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்தவர், குரலை உயர்த்தமாட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்குள்ளே ஏதோ தமிழ்ப் பத்திரிகை படிக்கிறீர்களாமே. பிராது வந்திருக்கிறது" என்றார் தெலுங்கில்.

"சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை படிப்போம், அம்மா."

"கதைதானா?" என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்கள் அண்ணா ஊரில் கையெழுத்து வாங்குகிறார் போலிருக்கிறதே?"

எங்கள் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று அண்ணன் நண்பர்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரிடம் தவிர.

"நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். பத்திரிகை இனி இந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் மனதில் ஓடியது ஒரே முகம். ஜமீன் எங்களது என்றவள், கதை சும்மா எழுதப்படவில்லை என்றவள், என் உதட்டைக் கண்காணித்தவள். இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியை அறையிலிருந்து அவள் வந்ததையும் பார்த்திருந்தேன். அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பரீட்சைத் தாள் எடுக்க அவள் தன் பையைத் திறந்தபோது, உள்ளே எங்கள் பத்திரிகையின் ஒரு பிரதி. என்னுடையது இல்லை; அவளே வாங்கியது. தமிழ் படிக்கத் தெரியாதவளுக்கு அது எதற்கு? நான் பார்த்ததைப் பார்த்ததும் முந்தானையால் பையை மூடினாள்.

வேறு சாட்சி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அவளோடு பேச்சைக் குறைத்தேன். ஊருக்குப் போனால் எந்த ரயில் என்றுகூடச் சொல்வதில்லை. அவளும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே குற்றத்துக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் ஒருநாள், "யார் சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டேன்.

"எவளோ சொல்லிக்கீறா. விடு. காலம் கெட்டுக்கீது" என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

தொடர்கதையை அதற்குப் பிறகு வீட்டில் தனியாகப் படித்தேன். கூட ஒருவர் இல்லாமல் படிக்கும்போது இளவரசன் செய்கிற அற்பத்தனங்கள் அத்தனை சிரிப்பாக இல்லை. யார் யாரை எப்போது காட்டிக்கொடுப்பார்கள் என்ற யோசனையிலேயே பக்கங்கள் போயின.

தை மாதம் பள்ளிக்கூடத்துப் பெண்களைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார்கள். பாகாலா வழியாக ரயில். இறங்கி மலையடிவாரத்து அலிபிரிக்கு வண்டிகள். மலை ஏற ஆரம்பித்ததும் பெண்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார்கள். தெலுங்கு டீச்சர் அவர்களோடு போனாள். அக்காவுக்கு முழங்கால் வீக்கம். அவரோடு பின்தங்கி வரும் வேலை எனக்கு விழுந்தது.

ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். அக்கா தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "பத்திரிகை விஷயத்தப் பெரிய டீச்சர் கைல சொன்னது நான்தான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை, அக்கா?"

"அந்தக் கதைய. அத்த நிறுத்தச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா? எல்லைத் தகராறுன்னா உங்களுக்கு..."

"எல்ல இன்னா எல்ல! எனக்கு இன்னா வந்துச்சு அதுல? அவன் ஓடிப்பூட்டான்மா!" அக்கா மண்டபத் தரையைக் கையால் தட்டினார். "அப்பன் வாசல்ல நின்னு சாவுறான், இவன் அழுக்குத் துணியக் கட்டிக்கினு பல்லக்குத் தூக்கிக்கினு ஓடறான். அவ முத்திரையத் திருடறா. அத்தப் படிச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. எனக்கு அன்னிக்கிச் சோறு எறங்கல. அவன் ஒருநாள் நல்லவனா ஆவான்னு வாரா வாரம் காத்துக்கினு இருந்தேன். ராஜ வம்சம்னா ஒரு இது வேணாமா? பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடத்துல இத்தப் படிக்கலாமா? அத்தத்தான் சொன்னேன்."

"எங்க அண்ணனைப் பத்தி?"

"அதுவா..." அக்கா கீழே பார்த்தார். "எந்த ஊரு, வூட்ல யாரு யாருன்னு அந்தம்மா கேட்டாங்க. பேச்சோட பேச்சா வந்துட்ச்சி. நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

கோபம் வந்தது. ஆனால் எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் நான் மனதில் சுமந்த விஷயம், ஒரு பெண்மணி ஒரு கதாநாயகன்மேல் வைத்த ஆசை உடைந்ததால் வந்தது என்றால் எப்படி எடுத்துக்கொள்வது? அதுவும் முழு உண்மையா? அண்ணன் பெயர் பேச்சோடு பேச்சாக வந்தது என்பதை நான் நம்ப வேண்டுமா?

"இப்போ ஏன் சொல்றீங்க?"

"சாமிய பாக்கப் போறோம். மனசுல வச்சிக்கினு எப்பிடிப் போறது?" என்றவர் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "அப்புறம் அவன் இன்னா ஆனான்? திரும்பி வந்தானா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இளவரசன் ஒரு சத்திரத்தில் மறைந்திருப்பதையும், அங்கே சமையல்காரனோடு சண்டை போட்டு உதை வாங்குவதையும், அவள் அவனைத் தேடி வருவதையும் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வளைவில் தெலுங்கு டீச்சர் எங்களுக்காகக் காத்திருந்தாள். கையில் சீவிய வெள்ளரிப்பிஞ்சு. எங்களோடு சேர்ந்து நடந்தாள்.

"...அப்புறம் ரெண்டு பேரும் தோட்டத்துல பாத்துக்கறாங்க. மறுநாள் காலைல புறப்பட்டுப் போயிடறாங்க" என்றேன்.

"நடுவுல நடந்தது?" என்றாள் தெலுங்கு டீச்சர்.

"நடுவுல என்ன?"

"தோட்டத்துல. ரெண்டு பக்கம் இருக்கு. நானே படிச்சேன்."

நான் நின்றுவிட்டேன். "நீ எப்படிப் படிச்சே?"

"எழுத்து கத்துக்கிட்டேன். நீ எதையோ விட்டுட்டு விட்டுட்டு சொன்னே. தெலுங்குக்காரங்களைத் திட்டி ஏதாவது எழுதியிருக்கான், அதை மறைக்கிறேன்னு நினைச்சேன். என்னன்னு பார்த்துடணும்னு பத்திரிகை வாங்கினேன். பெரிய டீச்சர்கிட்டே போய்த் தமிழ் முதல் வாசகப் புத்தகம்கூடக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்." என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "நிஜம் செப்பு. ஏன் மறைச்சே?"

காது சூடாகிவிட்டது. நான் விட்ட இடங்களில் தெலுங்கும் இல்லை, எல்லையும் இல்லை. அவன் அவள் கழுத்தோரம் முகம் புதைப்பது, அவள் அவன் விரலைக் கடிப்பது, இப்படி. தமிழில் படிக்கும்போது வார்த்தைகளுக்குள் மறைந்து ஓடிவிடலாம். அதையே அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு தெலுங்கில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெட்கமா இருந்தது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அக்காதான், "இன்னாடி அது, எனக்கும் நீ அத்தச் சொல்லலியே!" என்று என் கையைக் கிள்ளினார்.

அன்று மலைமேல் மூவரும் சேர்ந்துதான் சாமி பார்த்தோம். அக்கா சொன்னதைத் தெலுங்கு டீச்சருக்கும் சொன்னேன். நான் அவளைச் சந்தேகப்பட்டதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. "நானும்தான்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறையில் கூடினோம். இப்போது படிப்பது தெலுங்கு டீச்சர். ள, ழ எல்லாம் ஒன்றாக உருளும். தோட்டத்து இடங்கள் வந்தால் வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகப் படிப்பாள். கதையின் முடிவில் இளவரசன் கோட்டைக்குத் திரும்பவில்லை. இருவரும் வேறு சீமையில் பெயர் மாற்றிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டே கிழவர்களாகிறார்கள். நல்ல முடிவு என்றேன் நான். ஆசிரியருக்கு முடிக்கத் தெரியவில்லை என்றாள் தெலுங்கு டீச்சர். அக்கா, "அவன் வாசல்ல நின்னு செத்திருக்கணும். அவளும் கூடவே" என்றார். கடைசிவரை அதில் அவர் இறங்கி வரவே இல்லை.

எல்லை முடிவான வருஷம் திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. எங்கள் ஊர் இங்கேயே நின்றது. அண்ணன் பல நாள் யாரோடும் பேசாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு கரும்பு நட்டான். எனக்கு ஒரு தீங்கும் வரவில்லை. அக்கா வேலையை விட்டு, திருவள்ளூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி ஏற்றிவிடப் போனபோது அண்ணன் பெயர் எப்படிப் பேச்சில் வந்தது என்று இன்னொரு தடவை கேட்க நினைத்தேன். அவர் கூடையில் முறுக்கு இருக்கிறதா, கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பிவிட்டது.

"நீ கேக்கலியா?" என்றாள் தெலுங்கு டீச்சர், திரும்பி நடக்கும்போது.

"கேக்கலை."

"நான் கேட்டேன், போன வாரம். நினைவில்லைன்னு சொன்னார்" என்றாள். அந்த வாரப் பத்திரிகை வந்துவிட்டதா என்று பார்க்க இருவரும் கடைத்தெருப் பக்கம் திரும்பினோம்.