லிஃப்ட்காரரின் வெள்ளைக் குழம்பு

கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டு, ஆட்காட்டி விரலால் மெதுவாகத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "இன்னும் ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றிக் கிளறுவார். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு தேய்ப்பு. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் வைக்கும்போதும் இப்படித்தான் பார்ப்பார். ஓடினாலும் ஆகாது, ஒட்டினாலும் ஆகாது. குழம்புக்கும் அதே கணக்குதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருக்கும் காவலாளிகூடக் கைவிரிப்பார். உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்ப்பது தொழில். கதவில் காதை வைத்து, "பெல்ட்டு அழுவுது, கேக்குதா?" என்பார். நமக்கு ஒன்றும் கேட்காது. வெளியே இப்படி என்றால் வீட்டில் நேர்மாறு. வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரம் எங்கே என்பார், பாத்திரத்தைக் காட்டினால் தீப்பெட்டி எங்கே என்பார். கேட்ட நேரத்தில் மனைவி வெந்நீரை வைத்து ஆற்றியே கொடுத்துவிடுவாள்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த குரல் அவளுடையது. வீட்டுக்கு வந்தாலும் ஒலிபெருக்கியை அணைக்கமாட்டாள். "பயணிகள் கவனத்திற்கு, வெள்ளைக் குழம்பு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும், கை கழுவாதவர்கள் ஏற்றிக்கொள்ளப்பட மாட்டார்கள்" என்று அடுக்களையிலிருந்து அறிவிப்பு வரும். அப்பாவும் மகளும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

வெள்ளைக் குழம்பு என்பது அந்த வீடு வைத்த பெயர். இறாலின் தலையையும் ஓட்டையும் வேகவைத்து வடித்த சாறு, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கிய வெங்காயம், மசிய வெந்த உருளைக்கிழங்கு, சதைப்பற்றுள்ள மீன், கடைசியில் பாலும் கிரீமும். பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அதனால் ஊற்றிய கையோடு அடுப்பைத் தணித்துவிட்டுக் காவல் நிற்பாள். விடுமுறை நாளில் மட்டும் செய்வாள். மற்ற நாளில் கேட்டால், "இது தினசரி சர்வீஸ் கிடையாது" என்பாள்.

ஒரு காலையில் மேடை எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே குரல் பாதியில் நின்றது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு சுத்தமாகப் போயிற்று. மிஞ்சியது இடது கையும், எதையும் விட்டுவைக்காத அந்தப் பார்வையும்தான். தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறியது. விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். தண்ணீராக எதுவும் கூடாது, கட்டியாகவும் கூடாது, எல்லாம் கூழ் பதத்தில் வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தொண்டை மேலே ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய்.

"ஏறி எறங்கறதா? அது நம்ம டிபார்ட்மெண்ட்டும்மா" என்றார் லிஃப்ட்காரர். அந்தப் பெண் சிரித்தாள். மனைவியின் வாயும் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து வெள்ளைக் குழம்பு தினசரி சர்வீஸ் ஆயிற்று. முதலில் மருந்துக்கடை மாவுகளைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார், அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். குழம்பின் வாசனைக்குத்தான் வாய் திறந்தது. மீன்கடைக்காரம்மாவிடம் தினமும் வழக்கு நடக்கும்.

"முள்ளு இருக்காதே?"

"மீனுன்னா முள்ளு இல்லாம எப்படிண்ணே இருக்கும்? அதென்ன பன்னா?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கொண்டாங்க, நானே பாத்துத் தரேன்."

அவள் பார்த்துக் கொடுத்ததை வீட்டில் இவர் பார்ப்பார். வெந்த மீனை உதிர்த்து விரல் நுனியால் தடவுவார், மிக்ஸியில் அரைப்பார், அரைத்ததைச் சல்லடையில் தேய்ப்பார். மனைவியின் சக்கர நாற்காலியை அடுக்களை வாசலில் நிறுத்திவிடுவார். அவள் இடது கை மோதிரத்தால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. பால் பொங்கத் தொடங்கினால் தட்டு மழையாய்ப் பொழியும். "வரேன் வரேன், வண்டிய நிறுத்திட்டேன்" என்று ஓடிவந்து அடுப்பைத் தணிப்பார். ஆரம்பத்தில் பாதி நாள் திரிந்தது. அப்புறம் திரியவில்லை.

ஊட்டுவதுதான் பெரிய வேலை. ஒரு ஸ்பூன் எடுப்பார். சூடு சரியாக இருக்கிறதா என்று தன் உதட்டில் வைத்து, நுனியை நாக்கால் தொட்டுப் பார்ப்பார். பிறகு அவள் வாயில் கொடுத்து, தொண்டையில் இரண்டு விரலை வைப்பார். "போயிடுச்சா?" என்பார். ஒரு தட்டு வந்தால் அடுத்த ஸ்பூன். ஒரு கிண்ணம் முடிய ஒரு பொழுது ஆகும். நாளெல்லாம் எந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று பக்கத்து வீட்டார் வியந்தார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பவில்லை.

மகள் தொலைவில் இருக்கிறாள், வந்தால் இரண்டு நாள் தங்குவாள். "அப்பா, நீங்க ஓடா தேஞ்சுட்டீங்க. ஒரு ஆள் வெச்சுக்கலாம்" என்றாள்.

"ஆளு குழம்பு வெப்பாங்களா?"

"டாக்டர் சொல்றதக் கேளுங்கப்பா. புரையேறி நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா வாய்வழியே எதுவும் கூடாதாம். டியூப்தானாம்."

"டியூபெல்லாம் பைக்குக்குப் போடறது. உங்கம்மாவுக்கு எதுக்கு?" என்று பேச்சைத் திருப்பினார். அவள் வாயில் ருசி என்று ஒன்று மிச்சம் இருக்கும்வரை அவள் அவளாகவே இருக்கிறாள், அதுவும் போனால் என்ன மிஞ்சும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

அந்த நாளும் வந்தது. கிண்ணம் முக்கால் காலியாகியிருந்தது. ஒரு ஸ்பூனில் புரையேறியது, இருமல் நிற்கவில்லை, உதடு கறுத்தது. மறுநாள் காய்ச்சல். மருத்துவமனையில் நெஞ்சில் சளி என்றார்கள்.

பயிற்சிக்காரப் பெண் வார்டுக்கு வந்து, எப்படி ஊட்டினீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். கையில் வெறும் ஸ்பூனோடு செய்து காட்டினார். உதட்டில் வைத்தார், நாக்கால் தொட்டார், வாய்க்குக் கொண்டுபோனார், கிண்ணத்துக்குத் திரும்பினார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா சார்? அதே ஸ்பூனா?"

"ஆமா, சுட்டுடக் கூடாதில்ல?"

அவள் ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். எச்சில் பட்டால் சோளமாவின் கெட்டி கலைந்துவிடும். அதே ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போகும்போது குழம்பு மெல்ல மெல்ல நீர்த்துப்போகும். மேலே கூழ் பதத்தில் ஆரம்பித்தது அடிக்கு வரும்போது தண்ணீராக ஓடியிருக்கும். "அவங்க எச்சில்கூடப் பட்டிருக்கும் சார், உங்களுது மட்டும் இல்ல. இதனாலதான்னு சொல்லவும் முடியாது. எப்படியும் வந்திருக்கலாம்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் அவர் காதில் ஏறவில்லை. அடுப்பில் இருந்தவரை விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாரே, கிண்ணத்துக்கு வந்த பிறகு ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாரா? இல்லை. அந்த ஒன்றுதான் அவரைத் தின்றது.

மூக்குவழியே குழாயோடு அவள் வீடு வந்தாள். பையிலிருந்து ஒரு பழுப்பு நிறத் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. லிஃப்ட்காரர் அடுக்களைக் கதவைச் சாத்தினார். சல்லடையைக் கழுவிக் கவிழ்த்தவர் அப்புறம் அதைத் தொடவே இல்லை. பசித்தால் மாடிப்படியில் போய் உட்கார்ந்து ஒரு பன்னை டீயில் தோய்த்து விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அவள் முன்னால் மென்று காட்டுவது எப்படி? இடுப்புப் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டார்.

ஆனால் அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. சட்டையில் ஒட்டியிருந்த பன் தூளை இடது கையால் கிள்ளி எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அடுக்களைக் கதவைக் காட்டினாள். தட்டினாள்.

"வேணாம்மா. பசிக்கல."

இரண்டு தட்டு.

"உனக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு?"

மறுபடி இரண்டு. மோதிரம் பிளாஸ்டிக்கில் பட்டு விட்டு விட்டு ஒலித்தது. மறுநாளும் தட்டினாள். அதற்கு மறுநாள் கைப்பிடியில் கீறல் விழுகிற அளவுக்குத் தட்டினாள். எந்திரம் அடம்பிடித்தால் சமாளிக்கத் தெரிந்தவருக்கு இவளைச் சமாளிக்கத் தெரியவில்லை.

கடைசியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மீன்கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும், "எங்கண்ணே ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மேலே கேட்காமல், தானாகவே முள்ளை எடுத்துவிட்டு மீனைக் கொடுத்தாள்.

நாற்காலி அடுக்களை வாசலுக்கு வந்தது. ஓடு வெந்த சாற்றின் வாசனை எழுந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். குழாய் ஒரு மூக்குத் துளையைத்தான் அடைத்திருந்தது. இன்னொன்று அவளுடையதாகவே இருந்தது. பாலை ஊற்றினார். தட்டு மழை பொழிந்தது. தணித்தார். இந்த முறை அரைக்கவும் இல்லை, சலிக்கவும் இல்லை. பழக்க தோஷத்தில் ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டுத் தேய்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படிக்குப் போகப் பார்த்தார். தட்டு வந்தது. திரும்பி வந்து அவள் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன் எடுத்தார். உதட்டருகே கொண்டுவந்து நிறுத்தினார்.

"நான்தாம்மா. நான் ருசி பாத்த ஸ்பூனாலதான். உன்ன நானே இப்படிப் பண்ணிட்டேன்" என்றார். யாரிடமும், மகளிடமும்கூட, சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டார்.

அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். நிதானமாக, அவர் கேட்டாரா என்று பார்த்துத் தட்டினாள்.

அவர் ஸ்பூனை வாய்க்குள் வைத்தார். உருளைக்கிழங்கு நாக்கிலேயே கரைந்தது. உப்பு சரியாக இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது, விழுங்கத்தான் முடியவில்லை. வாய் நிறையக் குழம்போடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கைப்பிடியிலிருந்து அவளுடைய இடது கை எழுந்தது. தடுமாறி, அவர் தோளில் ஒரு தரம் இடித்து, சவரம் செய்யாத தாடையைத் தாண்டி வந்தது. இரண்டு விரலை அவர் தொண்டையில் வைத்து, ஏறி இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.