வாயில்லாத அக்கா

பதினேழு வயதில் நான் கைப்பேசியில் ஒரு புத்தகப் பக்கம் வைத்திருந்தேன். படித்து முடித்த நாவலின் அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, கீழே பத்துப் பன்னிரண்டு வரி எழுதுவேன். அதைப் பின்தொடர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். அதில் பாதி என் மாமா பிள்ளைகளும் வகுப்புத் தோழிகளும்தான். ஆனாலும் நாட்டுக்கே தீர்ப்புச் சொல்கிறவள்போல் எழுதுவேன். இப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தத் திமிர் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை.

புதிதாக வந்த கதைகளில் என்னை எரிச்சல்படுத்தியவை நிறைய. மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி செத்துப்போய், அந்தத் துக்கத்தில் கதாநாயகன் குடியை விட்டு நல்லவனாகிவிட்டால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவேன். ஒருவன் திருந்துவதற்கு ஒருத்தி எதற்காகச் சாக வேண்டும்? நாலு பேர் பார்க்க உதை வாங்கித் திருந்தக்கூடாதா? இன்னொரு நாவலில் ஒரு ரௌடி கையில் பாராங் கத்தியோடு வந்து, "உன்னை நான் உயிரோடு விட்டுவைக்க மாட்டேன்" என்று இலக்கணம் தவறாமல் மிரட்டினான். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த ரௌடிகளை எனக்குத் தெரியும். "டேய், சியாப் லா நீ இன்னிக்கு", அதாவது தொலைந்தாய் நீ, என்பதற்கு மேல் ஒரு சொல் அவர்கள் வாயில் வந்ததில்லை. அதை அப்படியே எழுதிப் போட்டேன். என் தமிழாசிரியை என்னைக் கூப்பிட்டு, நீ படிக்கும் பள்ளியின் பெயரை மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் போடாதே என்றார்.

பிடித்தவர்களும் இருந்தார்கள். ஒரு சிறுகதையில் பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி வருவாள். மாமியார் கருமாதி என்று விடுப்பு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங் தின்பாள். கடைசிவரை அழமாட்டாள். எழுதியவர் அதற்காக அவளை விபத்தில் கொல்லவும் இல்லை. இன்னொரு நாவலில் ஒரு சின்னப் பெண், பார்க்கிற எல்லாரிடமும் பொய் சொல்லிக்கொண்டே திரிவாள். அவளுக்காக அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். 'இந்தப் பிள்ளைக்கு நல்ல பெண்களைப் பிடிக்காதுபோல' என்று யாரோ ஓர் அங்கிள் கீழே எழுதினார். ஆமாம் அங்கிள், பிடிக்காது என்று பதில் போட்டேன்.

இந்த நிலையில்தான் அம்மா என்னை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஒரு நூல் வெளியீட்டுக்கு அழைத்துப் போனார். நாவல் எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். ஜெஞ்சாரோம் பக்கத் தோட்டத்தில் அம்மாவுக்கு ஆறாம் வகுப்பு நடத்தியவர். நம் நூல் வெளியீடுகள் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை. 'நூல் ஆய்வு' என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருக்கும். அதைச் செய்கிறவர் ஆசிரியரின் பெருந்தன்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, நேரமில்லாததால் கதைக்குள் போகவில்லை என்று முடிப்பார். பிறகு வரிசையில் நின்று புத்தகம் வாங்கி, ஆசிரியரோடு படம் எடுத்துக்கொண்டு, கேசரி சாப்பிட்டு வீட்டுக்குப் போக வேண்டியது. புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். அதை மரியாதைக்காக வாங்குகிறோம், படிப்பதற்காக இல்லை.

அம்மா மூன்று பிரதிகள் வாங்கினார். ஒன்று எங்களுக்கு, ஒன்று அலுவலகத்துத் தோழிக்கு, ஒன்று ஜெஞ்சாரோமில் இருக்கும் பெரியம்மாவுக்கு. எங்களுடையதை நான் அலமாரிக்குப் போகும் முன்பே எடுத்துக்கொண்டேன்.

கதை இதுதான். தோட்டத்தில் அக்கா, தங்கை இருவர். அப்பாவால் ஒருத்தியைத்தான் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு அனுப்ப முடியும். இளம் ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்து, பெண் பிள்ளையைப் படிக்கவையுங்கள் என்று வாதாடுகிறார். உடனே அக்கா முன்னால் வந்து, "தங்கச்சி படிக்கட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆசிரியர் கண்கலங்குகிறார். அதற்குப் பிறகு இருநூறு பக்கம் தங்கை படிக்கிறாள், ஆசிரியர் உயர்கிறார். அக்கா அவ்வப்போது தேநீர் கொண்டுவருகிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். 'இந்த அக்காவுக்கு வாய் இருந்திருந்தால் நாவல் இருபதாம் பக்கத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் ஆசிரியர் அவளுக்கு வாய் வைக்கவில்லை. தியாகம் செய்கிறவளை நான் நம்பமாட்டேன். யாரோ பறித்துக்கொண்டதற்குத்தான் தியாகம் என்று பெயர் வைக்கிறோம். எனக்கு இந்த அக்காவைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மரக்கட்டை.'

அவ்வளவுதான் எழுதினேன். யாரோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அது எத்தனையோ கைப்பேசிகளைச் சுற்றி, தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து ஆசிரியரிடமே போய்ச் சேர்ந்தது. அவர் எனக்குப் பதில் எழுதவில்லை. அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். எழுதுகிறவளை விட்டுவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிடுகிற வழக்கம் நம்மிடம்தான் இருக்கிறது. அம்மா சமையலறையில் நின்றபடி பத்து நிமிடம் "ஆமா சார், சரி சார், சின்னப் பிள்ள சார்" என்றார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அத எடுத்துரு."

"எதுக்கு?"

"எடுத்துருன்னு சொன்னா எடுத்துரு லா. அந்த மனுசன் அன்னிக்கு வீட்டுக்கு வரலைன்னா நான் இன்னிக்கு செம்பனத் தோட்டத்துல இருந்திருப்பேன். ஷிப்பிங் ஆபீஸ்ல ஏர்கோண்ட்ல உட்கார்ந்து வேல பாக்குறேன்னா, அது அவர் போட்ட பிச்ச. உனக்கு என்ன தெரியும்?"

"பிச்சைன்னு சொல்லாதீங்கம்மா. நீங்க படிச்சீங்க, பாஸ் பண்ணீங்க."

"அவர் இல்லன்னா யாரு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பா?"

அம்மாவின் வாழ்க்கையில் அவர் எவ்வளவு பெரியவர் என்று தெரியாமல் வளர்ந்தவளில்லை நான். என் பிறந்தநாளுக்குக்கூட அவருக்குப் போன் போட்டு ஆசி வாங்கித் தருவார். அந்தப் பத்து வரியை எடுத்தால் என் தலை ஒன்றும் போய்விடாது. எடுக்காவிட்டால் அம்மா இனி அவர் முகத்தில் விழிக்க முடியாது. இதெல்லாம் புரிந்தும் எனக்கு எடுக்க மனம் வரவில்லை. படித்ததைப் படித்தபடி சொன்னதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

"நீங்க அந்தப் புத்தகத்தப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பிச் சமையலறைக்குப் போகப் பார்த்தார்.

"படிங்க. படிச்சுட்டு, நான் எழுதினது தப்புன்னு நீங்க சொன்னா அப்பவே எடுத்துர்றேன். சத்தியமா. படிக்காம சொன்னா எடுக்க மாட்டேன்."

அம்மாவுக்கு வந்த கோபத்தில் அறை விழும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மதிய உணவு நேரத்தில் படித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது புத்தகத்தை மேசையில் வைத்தார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "கிளம்பு, பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்றார்.

எங்கள் பெரியம்மாவை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் முதலில் அவர் குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இயந்திரங்கள் ஓடும்போதே முப்பது பேருக்குக் கேட்கும்படி பேசிப் பேசி, வீட்டிலும் அதே சத்தம்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவர் மீன் விலை கேட்டால் மூன்று கடை தள்ளி நிற்பவன் பதில் சொல்லுவான். அவர் அம்மாவைவிட ஒரு வயது மூத்தவர். ஆறாம் வகுப்புக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு ஓராண்டு மட்டும் படித்துவிட்டு நின்றுவிட்டார். பெரியம்மாவுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நாவலில் வந்த அக்காவையும் இவரையும் நான் சேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை. எப்படி நினைப்பது? அவள் வாயே திறக்காதவள்.

பெரியம்மா எங்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டார்.

"அக்கா, தீபாவளிக்கு நான் குடுத்தேனே, சாரோட புத்தகம். படிச்சியா?"

"எப்பவோ படிச்சுட்டேன். ஃபேக்டரி பஸ்ல."

"ஒண்ணும் சொல்லலையே நீ?"

"என்ன சொல்லச் சொல்ற? நீ எவ்ளோ ஆசையா வாங்கியாந்த."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மரக்கட்டை என்று எழுதியது என் எதிரில் கரண்டியோடு நிற்கும் இந்தப் பெண்ணை. அம்மா என் கைப்பேசியை வாங்கி, நான் எழுதியதைத் திறந்து பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

"இது நீ எழுதினதா?"

"ஆமா பெரியம்மா. எனக்குத் தெரியாது, நீங்கன்னு."

"தெரியாமத்தான் சரியா எழுதியிருக்க. ஒண்ணுதான் தப்பு." கண்ணாடியைக் கழற்றினார். "வாய் இல்லன்னு போட்டிருக்க பாரு, அது தப்பு. இருந்துச்சு. கேட்டேன்."

பிறகு சொன்னார். யாரோ கதைபோல் இல்லாமல், நேற்று தொழிற்சாலையில் நடந்த சண்டையைச் சொல்வதுபோல் சொன்னார். சார் வந்தது உண்மை. தாத்தாவிடம் வாதாடியதும் உண்மை. ஆனால் வாதாடியது சின்னவளுக்காக மட்டும். சின்னவளுக்கு மதிப்பெண் அதிகம், பெரியவள் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு உதவியாக இருக்கும் என்று அவரே தாத்தாவுக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டதும் பெரியம்மா தன் பள்ளிச் சீருடையான நீல பினாஃபோரைக் கொண்டுபோய் ஆட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தாராம். தங்கைக்கு அதைத்தான் போட்டு அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சார் முன்னாடியே போயி நின்னேன். நான் என்ன சார் தப்பு பண்ணேன், எனக்கும் சொல்லுங்க சார், நானும் படிக்கிறேன்னு அழுதேன். கத்தினேன். லயத்து வீடு பூரா கேட்டுச்சு. அவருக்கு மட்டும் கேக்கலபோல. எங்கம்மா குடுத்த டீயக் குடிச்சுட்டு, சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப பாரு, எனக்கு ஒண்ணும் வேணாம்னு நானே சொன்னேனாம். அடுப்படிக்குப் போனேனாம்." அம்மா பக்கம் திரும்பினார். "நீயும்தான் அங்க நின்ன."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "நின்னேன் க்கா," என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. உனக்குப் படிப்பு ஏறலன்னு சொல்லிச் சொல்லி..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அம்மாமேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தனக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்? ஆனால் நாற்பது வயதுக்காரி ஏன் மாற்றிச் சொன்னாள்? இரண்டு கேள்வியையும் நான் அங்கே கேட்கவில்லை.

பெரியம்மா தங்கையை அணைத்துக்கொள்ளவும் இல்லை, போகட்டும் விடு என்று சொல்லவும் இல்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"சார் இத எடுக்கச் சொன்னாரு க்கா," என்றார் அம்மா, முகத்தைத் துடைத்தபடி. "நானும் எடுக்கச் சொன்னேன்."

"நீ என்ன சொல்ற?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

"மரக்கட்டைங்கிறத மட்டும் எடுத்துர்றேன். மத்தது இருக்கும். ஒரு வரி சேக்கவும் போறேன். அந்த அக்கா அன்னிக்குப் பேசினா, எழுதினவர்தான் அத விட்டுட்டாருன்னு."

"சேத்துக்க."

அம்மா தன் கைப்பேசியை எடுத்து சாரை அழைத்தார். சார் உடனே எடுத்துவிட்டார்.

"வணக்கம் சார். அந்தப் பதிவு விசயமா... இல்ல சார், எடுக்கல. எடுக்க மாட்டா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்." அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நன்றி இருக்கு சார். சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா நீங்க எழுதினது நடந்தது இல்ல சார். நானும் அங்க இருந்தேன்."

அதற்கும் அந்தப் பக்கம் நிற்காமல் பேசியது. கதை என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அம்மாவின் குரல் இறங்கத் தொடங்கியது. மறுபடியும் "ஆமா சார்" என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். பெரியம்மா கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, தங்கையின் காதிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"சார், வணக்கம். உங்க கதையில வர்ற அக்கா பேசுறேன்." தொழிற்சாலைக் குரல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஆமா சார், நானேதான். நல்லா இருக்கேன். இல்ல சார், இருங்க, நீங்க இருங்க. அன்னிக்கு நீங்க பேசினீங்க, எங்கப்பா பேசினாரு. இப்ப நான் பேசுறேன். கையில பேனா இருக்கா சார்? இருந்தா எழுதிக்கிங்க."