பீரோவுக்கு விழுந்த கைதட்டல்

எங்கள் ஐவர் ஜாஸ் குழுவில் யாருக்கும் யாரையும் ஆகாது. டிரம்ஸ் அடிக்கிற எனக்குப் பியானோக்காரனின் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். டிரம்பெட்காரன் எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். ஆனால் சாக்ஸபோன்காரருக்கும் பீரோவுக்கும் இருந்தது தனி ரகம். அது சொந்தக்காரப் பகை.

பீரோ என்றால் எங்கள் டபுள் பேஸ்காரர், ராட்சத வயலின் மாதிரி இருப்பதை நின்றபடி வாசிப்பவர். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த வாத்தியத்தைத் தோளில் சுமந்து வருவதால் அந்தப் பெயர். பகலில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. அந்தக் கையோடு தன் தங்கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று சாக்ஸபோன்காரருக்கு வயிற்றெரிச்சல். குழுவுக்குத் தலைவரும் அவர்தான். தங்கை புருஷனைத் துரத்த முடியாது. அதனால் ஒருநாளும் தனியாக வாசிக்க விடவில்லை. பின்னால் நின்று தாளத்தைப் பிடித்தால் போதும் என்பார். பீரோ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஆசைப்பட்டதே ஒரு தனி வாசிப்புக்குத்தான்.

நைட் கிளப்பில் நேரடியாக ஆல்பம் பதிவான அன்று அது தானாக வந்தது. தலைவர் தன் பங்கை இழு இழுவென்று இழுத்து முடித்தார். ஒரு கைகூடத் தட்டவில்லை. கடைசி ஊதலில் சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் இருக்கும் ரீட் பட்டை வேறு பிளந்துவிட்டது. அவர் குனிந்து அதை மாற்றுவதற்குள் பீரோ புகுந்துவிட்டார். நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். கிளாஸ் எடுக்க வந்த சர்வர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். முடிந்ததும் கிளப்பே அதிர்ந்தது. பீரோவின் மனைவி விரலை வாயில் வைத்து அடித்த விசில் அத்தனை சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஆல்பம் வந்ததும் பீரோ வீட்டு ஹாலில் உட்கார்ந்து எல்லோரும் கேட்டோம். பீரோவின் பங்கு மொத்தமாகக் காணோம். சாக்ஸபோன் ஓய்ந்த மறுநொடி அந்தக் கைதட்டல் வந்தது. வெட்டியதோடு விடாமல், அடுத்தவனுக்குத் தட்டியதை எடுத்துத் தன் வாசிப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் தலைவர். அவர் காதுக்குச் சத்தம் பெரிதாக இருந்தால் போதும். உள்ளே இருந்த விசிலைக் கவனிக்கவே இல்லை.

தங்கை எழுந்து பிளேயரை நிறுத்தினாள்.

"அண்ணா, நான் பொறந்ததுலேர்ந்து உனக்கு விசிலடிச்சதே இல்லையே."

அவர் சளைக்கவில்லை. ஆல்பத்தில் இடம் பத்தவில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம், குடும்பத்துக்குள் இதைப் பெரிசு பண்ண வேண்டாம் என்று அடுக்கினார். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது. பீரோ குரலை உயர்த்தவே இல்லை.

"என் வாசிப்பைத் திரும்பச் சேர்க்க வேணாம் மச்சான். அந்தக் கைதட்டலை மட்டும் எடுத்துடுங்க. நீங்க வாசிச்சு முடிச்சதும் சத்தமே இருக்கக் கூடாது. அன்னிக்கு அப்படித்தானே இருந்துச்சு."

சாக்ஸபோன்காரர் முகம் கறுத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "இவன் பொய் சொல்றான். நீ சொல்லு, எனக்கு யாரும் தட்டலையா?"

அடுத்த மேடைக்கு என்னைக் கூப்பிடுவதும் கழற்றிவிடுவதும் அவர் கையில்தான் இருந்தது.

"இல்லண்ணே," என்றேன். "ஒருத்தர்கூடத் தட்டல."