மேற்குச் சுவரில் ஆளில்லாப் பட்டணம்

மருமகன் கத்தாரிலிருந்து அனுப்பிய படத்தை மகள் தொழுகை அறையின் மேற்குச் சுவரில் மாட்டினாள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்த பட்டணம், அதன் அச்சுப் பிரதி.

"உருவம் ஒண்டும் இல்ல உம்மா, வெறும் ஊடுகள்தான்" என்றாள்.

ஆள், மிருகம் என்று உருவம் உள்ள அறைக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பதால் நானும் இரண்டு முறை பார்த்துத்தான் சம்மதித்தேன்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான், படங்களைப் பற்றி எனக்கென்ன தெரியும். ஆனால் அந்தப் பட்டணம் எனக்குச் சரிப்படவில்லை. மழை விட்ட தெரு, இலையில்லாத மரங்கள், ஜன்னலெல்லாம் மஞ்சள் வெளிச்சம். ஒரு நாய்கூட இல்லை. விளக்கைக் கொளுத்தியவர்கள் எங்கே?

சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம், மறுபடியும் கடல் வருகுதாம் என்று கல்முனை முழுக்க ஓடிய ஒரு பின்னேரம், கணவரின் மருந்தை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். கதவுகள் திறந்து கிடந்தன. மின்விசிறிகள் சுழன்றன. ஒரு வீட்டில் டீவி தனியே கதைத்துக்கொண்டிருந்தது. கடல் வரவில்லை. அந்தத் தெருதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மகளுக்கு இரண்டு தரம் கலைந்துவிட்டது. இப்போது ஏழு மாதம். ஐந்து நேரமும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தொழுதாள்.

போன கிழமை படத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போது கண்டேன். தெருக்கோடியில், முன்னிருந்து எண்ணினால் மூன்றாம் தெருவிளக்கடியில், நகத்தளவு ஒரு பெண். கையில் துணி சுற்றிய பிள்ளை. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள்.

படத்தைக் கழற்றப் போனேன். மகள் பின்னால் நின்றாள்.

"இதுல ஒருத்தி இரிக்காள் மகள்."

"ஓம். ஒரு மாசத்துக்கு முதலே கண்டன்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அண்டைக்கே அடுப்புல வெச்சிருப்பீங்க."

"பிள்ளையத் தூக்கிட்டுப் போறாளே."

"போகல்ல உம்மா. வாறா. வடிவாப் பாருங்க."

பார்த்தேன். முகமா முதுகா என்று தெரியவில்லை.

தொழுகைப் பாயை நடு அறைக்கு மாற்றச் சம்மதித்தாள், படத்தைக் கழற்ற விடவில்லை. பின்னேரம் அஸர் தொழுததும் நான் ஒவ்வொரு நாளும் போய், அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கிறேன். இன்று இரண்டாம் விளக்கடியில் நிற்பதுபோல் தெரிந்தது. போன கிழமை பதற்றத்தில் நான் பிழையாக எண்ணியிருப்பேன். மகளிடம் சொல்லவில்லை.